கூரை நிறைய வெயில், காரில் பத்தொன்பது கிலோமீற்றர்

மின்சாரக் கார் வைத்திருக்கும் ஒருவர் கூரையில் பனல் பூட்ட வேண்டும் என்று உங்களிடம் வந்தால், எத்தனை பனல் என்று கணக்குப் போடுவதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பகலில் கார் எங்கே நிற்கும்? கார் ஓடாமல் நின்றுவிட்டால் அந்த வீட்டில் யாருக்கு என்ன நடக்கும்? முதலாவது கேள்வியை நான் தொடக்கத்திலிருந்தே கேட்டு வந்தேன். இரண்டாவதைக் கேட்கப் பழகியது செட்டிகுளத்துக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில், ஒரு வியாழக்கிழமை முற்பகலில். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வயர் இழுப்பதையும் பனலைச் சரிவு பார்த்து வைப்பதையும் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதில் நான் சொல்லித் தர எதுவும் இல்லை.

மின்சார டிப்போ ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, பிறகு வவுனியாவில் பனல் பூட்டும் சிறிய கொம்பனி ஒன்றுக்கு எஸ்டிமேற் போட வந்தவள் நான். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், பில்லையும் கூரையையும் பார்த்து, இவ்வளவு செலவாகும், போட்ட காசு இத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்த வேலையில் கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு ஆசையும் இருந்தது.

ஹனிபா நானா வயல் செய்பவர்; அறுவடைக் காலத்தில் நெல் வாங்கி விற்பார். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டியவர். அவருடைய மனைவி ஜெசீமாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபத்தெட்டு கிலோமீற்றர். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், ஜெசீமாவை வாடகை வானுக்குள் இருத்திவிட்டு இரண்டு பகல் வரிசையில் நின்றிருக்கிறார் நானா. அதற்குப் பிறகு பெற்றோல் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஒரு துண்டுக் காணியை விற்றுப் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். பற்றறிக்கு வயது போய்விட்டது. புதிதாக இருந்தபோது ஓடிய தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடும். வவுனியா போய்வர அது போதும்.

இப்படியொரு கணக்கு எங்கள் வேலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். வழக்கமாக வெயில் எறிக்கும் நேரத்தில் கார், ஆள் வேலை செய்யும் கந்தோர் வாசலில் நிற்கும். வீட்டுக்கு வரும்போது வெயில் போய்விடும். நானாவின் காரோ வாரத்தில் ஐந்து நாள் பகல் முழுவதும் வீட்டில். கூரையில் வருவதை அப்படியே காருக்கு ஏற்றலாம். மிஞ்சுவது மின்சாரசபை லைனுக்குப் போய்ப் பில்லில் கழிபடும். வானுக்குக் கொடுத்த வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் ஆறாவது வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் வீட்டுக்கென்று தனிப் பற்றறி சேர்த்தால் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்தப் பற்றறி பழுதாகும் நாள் வரைக்கும் காசு திரும்பாது.

"லைன்தான் உங்கட பற்றறி, நானா. அதுக்கு வேற காசு குடுக்கத் தேவையில்லை" என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் போனா என்ன மிஸ் செய்யிற?"

"முந்தின மாதிரி இல்லை. போனாலும் ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலத்தில வந்திடும்."

போனால் என்ன நடக்கும் என்று அவர் கேட்டார். எவ்வளவு நேரம் போகும் என்று நான் பதில் சொன்னேன். லைனில் மின்சாரம் நின்றால் பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இந்த வகை இன்வேட்டரும் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயிலிலும் ஒரு பல்ப் எரிக்கக் கூரையிலிருந்து மின்சாரம் வராது. அந்த விடயம் தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. வாயால் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் பொய். சொன்னால் பற்றறி கேட்பார், பற்றறியின் விலையைக் கேட்டால் முழுவதையும் வேண்டாம் என்பார் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்தேன். அவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. நானாவின் பேச்சைக் கேட்டு அவருடைய ஆட்கள் மூன்று பேர் எங்களிடம் பனல் பூட்டினார்கள்.

பிறகு அந்தக் கார்த்திகை மழையில் புயல் வந்தது. ஞாயிறு தொடங்கி புதன் வரை மழை விடவில்லை. மரங்கள் விழுந்து லைன்கள் அறுந்தன, குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன, தொலைபேசியும் நின்றது. வியாழன் விடிய வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் இன்வேட்டருக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று சொல்ல, என் ஸ்கூட்டியில் செட்டிகுளப் பக்கம் புறப்பட்டேன். வழியில் ஓரிடத்தில் வீதியின் பெரும்பகுதி அரித்துப் போயிருந்தது. ஸ்கூட்டி போக மட்டும் இடம் இருந்தது.

நானாவின் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் மின்சாரசபை லைன்மன்கள் இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கீழே கயிறு பிடித்து நின்றார். மற்றவர் இளம் ஆள், தூணில் ஏறியிருந்தார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு, வெறுங்கையால் கம்பியை முறுக்கியபடி கீழே நின்றவரோடு ஏதோ பகிடி பேசிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் நாலைந்து பேர். நடுவில் ஒரு பெரிய ஜெனரேற்றர். மைக் செற் வாடகைக்கு விடும் ஒருவரிடம் இரவல் வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டு வந்தது. ஜெசீமாவின் அண்ணன் ரபீக் அதன் கயிற்றை இழுக்கத் தயாராக நின்றார். ஜெனரேற்றரிலிருந்து போன வயரைக் கண்ணால் தொடர்ந்தேன். இரண்டு தலையிலும் பிளக். ஒரு தலை ஜெனரேற்றரில், மற்றத் தலை விறாந்தைச் சுவரில்.

அது இன்வேட்டரை ஏமாற்றும் வித்தை. வீட்டு வயரில் மின்சாரம் வந்தால் லைன் வந்துவிட்டது என்று நினைத்து அது விழித்துக்கொள்ளும். கூரையில் உள்ள வெயில் முழுவதும் கீழே இறங்கும். ஆனால் மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணாமல் விட்டால் அதே மின்சாரம் வீதி லைனுக்கும் போகும்.

டிப்போவில் எனக்கு வேலை பழக்கிய மேற்பார்வையாளருக்கு வலது கையில் இரண்டு விரல்தான். கலியாண வீடு ஒன்றில் யாரோ இப்படிச் செருகிய ஜெனரேற்றர்தான் மற்ற மூன்றையும் எடுத்தது. "செத்த கம்பி எண்டு ஒண்டு இல்லை, பிள்ளை. ஆரோ ஒருத்தர் எங்கேயோ இருந்து அதுக்கு உயிர் குடுத்துக்கொண்டுதான் இருப்பினம்" என்பார்.

ஸ்கூட்டியை நிறுத்தினேனா, விழுத்தினேனா தெரியாது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். ரபீக் கயிற்றை இழுத்ததும் அதே நேரம்தான். ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது.

"மெயினை ஓஃப் பண்ணினீங்களோ?"

"லைன்லதான் கரண்ட் இல்லையே" என்றார் ரபீக். பிறகு என் கையிலிருந்த வயரைப் பார்த்துக் குரல் மாறியது. "மிஸ், வயரைத் தாங்க. எண்ட தங்கச்சி மூச்செடுக்க ஏலாம இருக்கா."

அப்போதுதான் ஜெசீமாவைக் கண்டேன். விறாந்தையில் ஒரு கதிரையில், மடியில் தலையணை வைத்து அதன்மேல் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். கால்கள் வீங்கிப் பளபளத்தன. கடைசியாக இரத்தம் சுத்திகரித்தது போன வெள்ளிக்கிழமை. செவ்வாய் வீதி முழுவதும் தண்ணீர். ஆறு நாள் தண்ணீரும் நஞ்சும் உடம்புக்குள்ளேயே நிற்கின்றன.

வேறு வழி எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ் முதல் நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு போனது, திரும்பவில்லை. ஓட்டோக்களும் நானாவின் டிரக்டரும் வெள்ளத்தில் மூழ்கியவை. பெற்றோல் செட்டில் பம்ப் அடிக்கக் கரண்ட் இல்லை. ஓடக்கூடியதாக இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதிலும் இன்னும் பத்தொன்பது கிலோமீற்றர்தான் ஓடும் என்று காட்டியது. திங்கட்கிழமை தண்ணீர் ஏற ஏற, அயலில் உள்ள வயது போனவர்களையும் பிள்ளைகளையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது தடவை ஏற்றி இறக்கியிருக்கிறார் நானா. நாளைக்கு வெயில் வரும், சார்ஜ் ஏற்றலாம் என்று நினைத்தாராம்.

ரபீக்கை ஒழுங்கை முகப்புக்குக் கூட்டிப்போய்த் தூணில் இருந்தவரைக் காட்டினேன். அவர் அந்த வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும், "சரி மிஸ், மெயினை ஓஃப் பண்ணி ஃபியூசையும் கழட்டிப்போட்டுச் செய்வம். அப்ப ஒருத்தருக்கும் ஆபத்தில்லத்தானே" என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய முதலாவது முடிவுக்கு யோசனை தேவைப்படவில்லை. இரண்டாவது அப்படியில்லை. அவர் சொன்னது ஓரளவுக்குச் சரி. அப்படிச் செய்து வேலை செய்ததை நான் கண்டிருக்கிறேன். முக்கால் மணித்தியாலத்தில் காருக்கு வேண்டியது ஏறிவிடும். அப்படிச் செய்து எரிந்ததையும் கண்டிருக்கிறேன். பனலிலிருந்து வருவதைக் கார் முழுவதும் எடுக்காத ஒரு நொடியில், மிஞ்சுவது போக இடமில்லாமல் மின்னழுத்தம் ஏறும். காருக்குள் இருக்கும் சார்ஜர் போனால், அந்தப் பத்தொன்பது கிலோமீற்றரையும் நம்ப முடியாது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வெயில் முதுகைச் சுட்டது.

"இல்லை" என்றேன். "ஓடுற காரை வைச்சுப் பந்தயம் கட்ட ஏலாது. ஜெனரேற்றரிலயிருந்து நேரா காருக்குக் குடுப்பம். மெல்லத்தான் ஏறும்."

ஹனிபா நானா காருக்குப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தார். கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூரை நிறைய வெயில் கிடக்கு, மிஸ். கரண்ட் போனா இது உதவாதெண்டு அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. "ஓம் நானா. சொல்லியிருக்க வேணும். சொல்லேல்ல" என்றேன்.

ஜெனரேற்றரில் ஒரு லீற்றர் அளவில்தான் பெற்றோல் இருந்தது. என் ஸ்கூட்டியில் இருந்ததைக் குழாய் வைத்து இறக்கினோம், இரண்டு போத்தலுக்கு மேல் வந்தது. காரோடு வந்த சின்ன சார்ஜரைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, ஏறவில்லை. ரபீக் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு நிமிடம் நின்று யோசித்தபோதுதான் பிடிபட்டது: ஜெனரேற்றர் ரப்பர்ச் சில்லு வண்டியில் நிற்கிறது, அதற்கு நிலத்தோடு தொடர்பே இல்லை. குழி தோண்டும் இரும்பு அலவாங்கு ஒன்றை ஈர மண்ணில் ஆழமாக இறுக்கி, ஜெனரேற்றரை வயரால் அதோடு சேர்த்துக் கட்டினேன். விளக்குப் பச்சையானது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் என்ற கணக்கில் ஏறியது. ஜெனரேற்றர் சத்தம், அதற்கு மேலால் ஜெசீமாவின் மூச்சுச் சத்தம். பழைய பற்றறியில் காரின் திரை காட்டும் எண்ணை நம்பக்கூடாது. கடைசிப் பகுதி சட்டென்று இறங்கும். வீதி அரித்த இடத்தைச் சுற்றிப் போனால் இன்னும் நாலு கிலோமீற்றர் கூடும். முப்பத்தெட்டு வந்தால் எடுப்போம் என்று சொல்லியிருந்தேன். இருபத்தொன்பது வந்தபோது நானா காரின் திறப்புச் சாவியைக் கையில் எடுத்தார்.

"வழி இருபத்தெட்டுத்தானே. மெல்லப் போவம்."

நான் மறுத்தேன். அவர் குரல் உயர்ந்தது. என் மனைவி, என் கார் என்றார். இரண்டும் உண்மை. அப்போது கதிரையிலிருந்து ஜெசீமா கையை உயர்த்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு எடுத்துச் சொன்னார்.

"வழியில நிண்டா என்னை யாரு தூக்குற? எண்ட மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு எனக்குத் தெரியும். ஏறட்டும்."

நானா திறப்பைக் கதிரைக் கைப்பிடியில் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

எண் முப்பத்தைந்தைக் காட்டியபோது ஜெசீமாவின் உதட்டில் நிறம் மாறுவதைக் கண்டேன். ஏதோ கேட்டேன், அவரால் பதிலை முடிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு என்று சொன்னதும் நான்தான், முப்பத்தைந்தில் பிளக்கைக் கழற்றியதும் நான்தான். அந்த மூன்று கிலோமீற்றருக்காகக் காத்திருக்காதது சரியா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

நானா ஓட்டினார். ரபீக் பின்னால் தங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். நான் முன்னால் திரையைப் பார்த்தபடி. ஏசி இல்லை, கண்ணாடி எல்லாம் திறந்து, நாற்பதுக்கு மேல் போகாமல். ஒழுங்கை முகப்பில் லைன்மன் இப்போது அடுத்த தூணில் இருந்தார். வீதியில் கிடந்த கம்பியைக் காட்டி மெல்லப் போகும்படி கை காட்டினார். நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பிளக் சுவரில இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

அரித்த இடத்தில் மண் ஒழுங்கையால் சுற்றினோம். சேற்றில் சில்லு உழன்றபோது ஒரே தடவையில் மூன்று எண் குறைந்தது. நகரத்துக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர் இருக்கும்போது திரை ஐந்து என்றது. பிறகு எண் மறைந்து வெறும் கோடுகள் வந்தன. நானாவின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான் வேகத்தை இன்னும் குறைக்கச் சொன்னேன். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை முந்திப் போனார். பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கு நிம்மதி. ஒரு இடத்தில் அது கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கப் பயந்து முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பிய கார் சரிவில் ஏறமாட்டாமல் நின்றது. காவலாளியும் ரபீக்கும் நானும் தள்ளினோம். தள்ளுவண்டிக் கட்டிலோடு வந்தவர்கள் ஜெசீமாவை உள்ளே கொண்டு போனார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று தாதி ஒருவர் தொடங்கியபோது, நானா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பின்னேரம் நான்கு மணியளவில் ஜெசீமா பால் விடாத பிளேன்ரீ கேட்டதாகச் செய்தி வந்தது. அளந்து அரைக் கோப்பை கொடுத்தார்களாம். நான் வாசலில் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த கிழமை லைன் வந்தது. என் கையால் எழுதிய எஸ்டிமேற்றுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கரண்ட் போனால் பனலும் நிற்கும் என்று வாயால் சொன்னேன். சிலர் தெரியும் என்றார்கள். சிலர் ஏசினார்கள். பணம் கட்டியிருந்த இருவர் வேலையை நிறுத்தினார்கள். முதலாளிக்கு என்மேல் மனஸ்தாபம், அது கடைசி வரை முழுதாகப் போகவில்லை.

கடைசியாக ஹனிபா நானா வீட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரத்திலும் பனலை உயிரோடு வைத்திருக்கக்கூடிய இன்வேட்டரும் ஒரு சிறிய பற்றறியும் என்று புதிதாகக் கணக்குப் போட்டுக் கொண்டு போயிருந்தேன். எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று அவர் கேட்டார். திரும்பாது என்று சொன்னேன். பற்றறியின் ஆயுள் முடியும்வரை போட்டதில் பாதிகூட வராது, இதை வாங்குங்கோ என்று சொல்ல என்னிடம் ஒரு கணக்கும் இல்லை என்றும் சொன்னேன். அவர் தாளை ஜெசீமாவிடம் நீட்டினார்.

ஜெசீமா அதைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தார்.

"இதில அந்த வியாழக்கிழமைக்கு எவ்வளவு போட்டிருக்கிறீங்க, மிஸ்?"

"போடேல்ல. எப்பிடிப் போடுறதெண்டு எனக்குத் தெரியேல்ல" என்றேன்.

"அப்ப அந்த இடத்தை வெறுமையா விட்டுத் தாங்க. அது நாங்க போட வேண்டியது."

இரண்டு கிழமை கழித்துத் தாள் திரும்பி வந்தது, கையெழுத்தோடு. அடியில் நான் விட்ட இடத்தில் நீல மையில் ஏதோ எழுதி மடித்து ஒட்டியிருந்தார்கள். நான் அதைப் பிரிக்கவில்லை.

உங்களுக்கு இன்று காலை கொடுத்த எஸ்டிமேற் படிவத்தின் கடைசி வரிக்குத் தலைப்பும் இல்லை, எண்ணும் இல்லை. அச்சில் விட்ட பிழை என்று உங்களில் ஒருவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். பிழை இல்லை. கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதை உங்கள் வாயால் சொல்லி முடித்த பிறகு, பேனாவை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அந்த வரியை எழுதி முடிக்கும்வரை முற்றத்தில் போய் நில்லுங்கள்.